அவனுக்கா அழுகிறாய்?

கேள்வி: எனக்கு 43 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் மகனும் நானும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 'பிரேக்கிங் பேட்' தொடரைப் பார்க்கத் தொடங்கி, போன கிழமைதான் முடித்தோம். கடைசியில் அந்த வோல்டர் வைட் செத்துக் கிடந்தபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அதைக் கண்ட மாமி, "உன்ர தம்பியைச் சீரழிச்சதும் இப்பிடி ஒருத்தன் காய்ச்சின சாமான்தானே, அவனுக்கா அழுகிறாய்?" என்று கேட்டுவிட்டா. என் தம்பி ஐஸ் பழக்கத்தால் வேலையை இழந்து, இப்போது புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறான். அவனுடைய கடனை அடைக்க என் காப்புச் சோடியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் நான் மட்டும் போய் அவனைப் பார்த்து வருகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடர் முழுக்க அந்த மனிதனைவிட அவனுடைய மனைவிமேல்தான் எனக்குக் கோபம் வந்தது. மகனோ அவனுடைய முகம் போட்ட டீசேர்ட் வாங்கித் தரச் சொல்கிறான். கெட்டவன்மேல் இரக்கப்படுவது பிழையா? இப்படியான தொடர்களை வீட்டில் நிறுத்திவிட வேண்டுமா?

– வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் அழுதது பிழையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமியின் அந்தக் கேள்விக்குப் பிறகு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அந்த மனைவிமேல் வந்த கோபத்தை நீங்கள் இடையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். அங்கே போவதற்கு முன் இந்த அழுகை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதல் அத்தியாயத்தில் அந்த மனிதனை நமக்கு எப்படிக் காட்டினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 50 ஆவது பிறந்தநாள். இரசாயனவியல் ஆசிரியர். சம்பளம் போதாமல் பாடசாலை விட்ட பிறகு கார் கழுவும் இடத்தில் வேலை. வகுப்பில் தன்னை மதிக்காமல் இருந்த மாணவனுடைய காரின் சில்லை அங்கே குனிந்திருந்து துடைக்கிறான். நுரையீரல் புற்றுநோய் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்க்கவென்று ஐஸ் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குவது அதன் பிறகு. விடிய ஒரு பாடசாலை, பின்னேரம் இரண்டு டியூஷன் வகுப்பு என்று ஓடிக் களைத்துப்போகும் ஆசிரியர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சில்லுத் துடைக்கும் அந்தக் காட்சியிலேயே நாம் அவனுடைய கையைப் பிடித்துவிட்டோம். பிடித்த பிறகு விடுவது சுலபமில்லை.

அப்புறம் கமரா. அது அவனோடு வீட்டுக்குப் போகிறது, அவனோடு பாலைவனத்துக்குப் போகிறது. மனைவிக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அவன் ஒளிக்கும்போது நாமும் சேர்ந்து ஒளிக்கிறோம். 2008 இலிருந்து 2013 வரை ஐந்து பருவங்களாக வந்த 62 அத்தியாயங்களையும் நீங்கள் இரவிரவாகப் பார்த்திருக்கிறீர்கள். இத்தனை இரவு ஒருவனோடு கூட இருந்தால் அவன் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுவான். திரையில் வருகிறவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் இந்த ஒருபக்க உறவைப் பற்றி ஹோர்ட்டன், வோல் என்ற இருவர் 1956 இலேயே எழுதினார்கள். அப்போது தொலைக்காட்சிக்கே சின்ன வயது.

நம்முடைய உடம்பும் நம் சொல் கேட்பதில்லை. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' 1960 இல் வந்தது. கொலையான பெண்ணின் உடலைக் காருக்குள் வைத்து, அந்தக் காரைச் சேற்றுக் குட்டைக்குள் தள்ளிவிட்டு ஒரு இளைஞன் கரையில் நிற்கிறான். கார் மெல்ல மெல்லத் தாழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு ஒரு கணம் மூச்சு அடைக்கும். ஐயோ, தாழாவிட்டால் பிடிபட்டுவிடுவானே! கொலையை மறைக்கிறவனுக்காக நாம் பதறுகிறோம். நமக்குள் கெட்ட எண்ணம் இருப்பதால் வரும் பதற்றமில்லை அது. ஒருவன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று கண்டால் நெஞ்சு தானாக அடித்துக்கொள்ளும். சரி பிழை பார்க்கிற அறிவு சற்றுப் பிந்தித்தான் வந்து சேரும்.

அது பிந்தி வருவதில் குற்றமில்லை. கடைசிவரை அதை வரவிடாமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

வோல்டருக்கு ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. வைத்தியச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று வசதியான பழைய நண்பர்கள் முதலாம் பருவத்திலேயே சொல்கிறார்கள். அவன் மறுக்கிறான். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறும் ஊரில் இருக்கிற நமக்கு, அங்கே பணமில்லாமல்தானே அவன் கெட்டான் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த மறுப்புக்குப் பிறகு அப்படி நினைக்க இடமில்லை. கடைசி அத்தியாயத்தில் அவனே மனைவிக்கு முன் ஒத்துக்கொள்கிறான், எல்லாம் தனக்காகத்தான் செய்தேன் என்று. அதுவரை "குடும்பத்துக்காகத்தானே" என்று அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தது யார்? நானும் நீங்களும்தான்.

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், நல்ல மனிதர்கள் தீங்கு செய்யும்போது மனச்சாட்சியை எப்படி அமைதிப்படுத்துகிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். நல்ல காரியத்துக்காகச் செய்தேன் என்பார்கள். மற்றவன் செய்வதோடு பார்த்தால் இது பெரிதில்லை என்பார்கள். பாதிக்கப்பட்டவன் மட்டும் திறமா என்பார்கள். தொடர் பார்க்கும்போது இந்தச் சாட்டுகளை நாமே கதாபாத்திரத்துக்காகத் தயாரித்துக் கொடுக்கிறோம். ஆலோசனை கேட்டு என் அறைக்கு வரும் தாய்மாரும் அக்காமாரும் இதே சாட்டுகளை வேறு வாயிலிருந்து கேட்டவர்கள். "எல்லாரும் எடுக்கிறாங்கள்தானே அக்கா", "இதுதான் கடைசி", "அவன்தான் என்னைப் பழக்கினவன்". உங்களுக்கும் இவை புதிதாக இருக்காது.

இரண்டாம் பருவத்தில் ஜேன் சாகிற இரவை மறந்திருக்க மாட்டீர்கள். அவளும், அவளுடைய காதலனும் வோல்டரோடு சேர்ந்து ஐஸ் காய்ச்சுகிறவனுமான ஜெசியும் ஹெரோயின் ஏற்றிக்கொண்டு மயங்கிக் கிடக்கிறார்கள். வோல்டர் வந்து ஜெசியைப் பிடித்து உலுக்குகிறான். அந்த உலுக்கலில் அவள் மல்லாந்து புரள்கிறாள். வாந்தி வருகிறது, மூச்சு அடைக்கிறது. அவன் பாய்ந்து போகிறான். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஆனால் நின்றுவிடுகிறான். அப்படியே நின்று பார்க்கிறான். கண் கலங்குகிறது, அழுகிறான், பிறகு முகம் இறுகுகிறது.

நாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் கமரா அங்கேதான் நின்றது. படுக்கையில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளைப் புனர்வாழ்வு நிலையத்துக்குக் கூட்டிப்போக இருந்த தகப்பன் வந்தபோது அவள் இல்லை. பிறகு அந்தத் தகப்பன், மகளை அடக்கம் செய்ய உடுப்புத் தேடி அவளுடைய அலுமாரியைத் திறக்கிறார். அந்தக் காட்சி எவ்வளவு நேரம் வந்தது? அவருடைய பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தம்பியைப் புனர்வாழ்வில் சேர்க்க நீங்கள் எத்தனை நாள் அலைந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையில் உங்களுக்கு மிகக் கிட்டிய மனிதர் அந்தத் தகப்பன்தான்.

இனி மனைவிக்கு வருவோம். அந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. வோல்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த ஆனா கன் 2013 ஓகஸ்டில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அந்தப் பாத்திரத்தை வெறுப்பதற்கென்றே முகநூல் பக்கங்கள் இருந்தன. போகப் போக அந்த வெறுப்பு நடிகையான அவர்மேலேயே திரும்பியது. அப்படி அந்த மனைவி என்னதான் செய்தாள்? புருஷன் எங்கே போய் வருகிறான் என்று கேட்டாள். பணம் எப்படி வந்தது என்று கேட்டாள். பிள்ளைகளை அவனுக்குக் கிட்ட விடாமல் காக்கப் பார்த்தாள். பிறகு பிழையும் செய்தாள். களவுப் பணத்தைக் கணக்கில் ஏற்ற உதவினாள், அது வேறு. ஆனால் நமக்குக் கோபம் வந்தது அவள் பிழை செய்தபோது இல்லை, குறுக்கே நின்றபோது. வோல்டர் வெல்ல வேண்டும் என்று கதையோடு ஓடிக்கொண்டிருக்கிறோம், அவள் வாசலில் நின்று கேள்வி கேட்கிறாள். நம் ஓட்டத்துக்குத் தடையாக இருந்ததுதான் அவள் செய்த குற்றம்.

சகோதரி, உங்கள் வீட்டில் அந்த வாசலில் நின்றவர் நீங்கள். சம்பளம் எங்கே போனது என்று தம்பியைக் கேட்டவரும் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள். ஐஸ் பழக்கம் புகுந்த வீடுகளில் அப்படிக் கேட்கும் பெண்ணை எல்லோரும் அரியண்டமாகவே பார்ப்பார்கள். "அவனை நிம்மதியா விடன்" என்று தாயே சொல்வாள். வருடக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பெண்ணுக்கே தன்மேல் ஒரு வெறுப்பு ஊறிவிடும். ஸ்கைலர்மேல் வந்த கோபத்தில் அது கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல நான் உங்களை நேரில் பார்க்கவில்லை. நீங்களே ஒரு அமைதியான நேரத்தில் யோசித்துப் பாருங்கள்.

இரக்கமும் கண்டிப்பும் ஒரே வாயில் எப்படி வரும் என்று கேட்பீர்கள். நமக்கு அது தெரியாததில்லை. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். கோவலன் யோக்கியனில்லை. கட்டிய மனைவியை விட்டுப்போய், சொத்தையெல்லாம் தொலைத்தவன். மதுரையில் ஆயர் குடியில் சாப்பிட்டு முடித்த பிறகு, தான் கெட்டலைந்த கதையைச் சொல்லி வருந்துகிறான். கண்ணகி என்ன சொல்கிறாள்? பரவாயில்லை என்றா? "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதைச் சொன்ன வாயாலேயே, நீங்கள் கூப்பிட்டதும் எழுந்து வந்தேன் என்கிறாள். பிறகு அவனுக்காகப் பாண்டியன் சபையில் ஏறி வழக்குரைக்கிறாள். மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை படிக்கும்போது எத்தனை சனம் கண்கலங்கி நிற்கும் தெரியுமா? கோவலனுக்காக நாம் அழத்தான் வேண்டும் என்று இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார். ஆனால் அவன் செய்தது சரி என்று எங்கேயும் எழுதவில்லை. அழுகிறவள் வாயிலேயே அந்தக் கண்டிப்பை வைத்திருக்கிறார்.

கண்டி வீதியில் மாவனல்லைக்குக் கிட்டப் போகும்போது உதுவன்கந்தை மலை தெரியும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் பெரியப்பா ஜன்னலால் கை நீட்டி, "அந்தா, சரதியேல் ஒளிச்சிருந்த மலை" என்று காட்டுவார். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சொல்வார். எனக்கும் அவன் ஒரு வீரன்தான். 1864 மே 7 ஆம் திகதி கண்டியில் அவனைத் தூக்கிலிட்டார்கள் என்று கேட்டபோது துக்கமாக இருந்தது. வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் மற்றப் பாதி தெரிந்தது. அதே ஆண்டு மார்ச் 21 ஆம் திகதி அவனைப் பிடிக்கப் போன பொலிஸாரில் துவான் சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர் விட்ட முதல் பொலிஸ்காரர் என்று இன்றும் ஒவ்வொரு மார்ச் 21 ஆம் திகதியும் பொலிஸார் அவரை நினைவுகூருகிறார்கள். என் பெரியப்பா நல்ல மனிதர், பொய் சொல்லாதவர். அவருக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த மலையைக் கடக்கும்போது சரதியேலுக்காக வருந்துவதை நான் விடவில்லை. கூடவே சபானையும் நினைக்கிறேன்.

தொடர்களை நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். தேவையில்லை. 17, 18 வயதுப் பிள்ளை நீங்கள் நிறுத்தினால் தன் போனில் தனியாகப் பார்ப்பான். இப்போது அம்மாவோடு இருந்து பார்க்கிறான், அந்த நல்ல பழக்கத்தைக் கெடுக்காதீர்கள். டீசேர்ட்டை மட்டும் உடனே வாங்கிக் கொடுக்க வேண்டாம். மறுத்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். முதலில் அவனோடு ஒரு கதை கதையுங்கள். ஐந்தாம் பருவத்தில் ரயிலில் திருடுகிற அத்தியாயம் இருக்கிறதே, அவனுக்கு நிச்சயம் பிடித்திருக்கும். அதன் முடிவில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பையனைச் சுட்டுக் கொல்கிறார்கள். போத்தலுக்குள் ஒரு சிலந்தியைப் பிடித்து வைத்திருந்த பையன். அந்தப் பையனை நினைத்துத் தனக்குத் தூக்கமில்லை என்று வோல்டர் ஜெசிக்குச் சொல்கிறான். சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பியவன் விசிலடிக்கத் தொடங்குகிறான். ஜெசி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த விசில் ஞாபகம் இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். அந்தப் பையனின் வீட்டில் அன்றைக்கு இரவு என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவன் சொல்லட்டும். உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னாலும் இடைமறிக்க வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் இருக்கிற நமக்கு இந்தக் கதைகள் தூரத்துக் கதைகள் இல்லை. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி புதுக்கடையில் நீதிமன்ற அறைக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எப்படித் திட்டம் போட்டார்கள், எப்படி உள்ளே கொண்டுபோனார்கள் என்று கண்கள் விரியக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் அன்று நடுங்கிக்கொண்டு குனிந்தவர்களைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. திட்டம் போடுகிறவனின் பக்கத்தில் நின்று பார்க்கப் பழகியிருக்கிறார்கள். மற்றப் பக்கத்திலும் நின்று பார்க்க நாம்தான் பழக்க வேண்டும்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஐஸ் பாவித்து எல்லாவற்றையும் தொலைத்தவன்மேல் இரக்கப்படுவதும், அவன் கடனை மறுபடி மறுபடி அடைப்பதும் வேறு வேறு காரியங்கள். முன்னதை நிறுத்தாதீர்கள். பின்னதை இந்தக் காப்புச் சோடியோடு நிறுத்துங்கள். அவன் வெளியில் வந்து காசு கேட்டால், காசு தரமாட்டேன், கிளினிக்குக்குக் கூட வருவேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கும். நடுங்கட்டும். அதைச் சொன்ன அன்றிரவு உங்களுக்குத் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மாமியின் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவ கோபத்தில் கேட்கவில்லை, உங்கள் தம்பியை நினைத்துத்தான் கேட்டிருக்கிறா. அந்த வீட்டில் அவனுடைய பெயரைச் சத்தமாகச் சொன்னவவும் அவதான். பின்னேரத் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருங்கள். அன்றைக்கு அழுததில் பாதி யாருக்காக என்று உங்களுக்கே தெரிந்தால், அதை அப்படியே சொல்லுங்கள். தம்பி புனர்வாழ்வுக்குப் போன நாளிலிருந்து நீங்கள் அவனுக்காக ஒருமுறையாவது வாய்விட்டு அழுதீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

வருகிற ஞாயிறு மகனையும் கூட்டிப் போங்கள். நிலையத்தில் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பார்க்க வருவோருக்குக் கட்டுப்பாடு உண்டு. போகும் வழியில் பஸ்ஸில் புத்திமதி எதுவும் வேண்டாம். மாமாவும் மருமகனும் கொஞ்ச நேரம் தனியாக இருந்து கதைக்கட்டும், நீங்கள் தள்ளி ஒரு கதிரையில் இருங்கள். மாமியிடமும் வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.